கணுக்கால் ‘ரிங்’: மூன்று சட்டங்களும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும்

குதிகால் தரையைத் தொடாமல் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடக்கும் அளவுக்குக் கணுக்கால் இறுகிப்போனவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒரே மூச்சில் அறுத்து நிமிர்த்துவது ஒன்று. காலுக்கு வெளியே வளையச் சட்டம் மாட்டி, நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டராக நிமிர்த்துவது இன்னொன்று. இரண்டாவது வழி என்று முடிவானால், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் பெரும்பாலும் சேலம், பெங்களூரு, வேலூர் என்று கிளம்புகிறார்கள். அங்கே மூன்று பெயர் காதில் விழும்: இலிசரோவ், ஹெக்ஸாபாட், ஜெஸ். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரியவர்களின் இறுகிய கணுக்காலுக்கு, கீல் சரியான இடத்தில் வைத்த சாதாரண இலிசரோவ் போதும். எலும்பே பல திசையில் கோணிக்கொண்டிருந்தால் ஹெக்ஸாபாடுக்குச் செலவழிக்கலாம். ஜெஸ், பிள்ளைகளின் சின்னப் பாதத்துக்கு. இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி, மாட்டிய சட்டத்தை வாராவாரம் யார் பார்க்கப்போகிறார்கள் என்பது. அறுவை அரங்கில் நடப்பது பாதி வேலை. மீதிப் பாதி வீட்டுத் திண்ணையில், ஸ்பேனரைப் பிடித்திருக்கும் கையில் நடக்கிறது.

மெல்ல நிமிர்த்துவது எதற்கு? கணுக்கால் வருடக்கணக்கில் கீழ்நோக்கி இறுகிக் கிடந்தால் குதிநாண் மட்டும் குறுகுவதில்லை. பின்பக்கத் தோல், ரத்தக்குழாய், உள்ளங்காலுக்குப் போகும் நரம்பு எல்லாமே குறுகிவிடுகின்றன. நாணை வெட்டி நீட்டலாம், நரம்பை அப்படி வெட்டி நீட்ட முடியாது. ஒரேயடியாக நிமிர்த்தினால் உள்ளங்கால் மரத்துப்போகும். தழும்பேறிய தோலானால் தையலிலேயே பிளந்துகொள்ளும். அதனால் தீக்காயத் தழும்பு இழுத்த கால், குழந்தையில் சரிசெய்யாமல் விட்ட வளைபாதம், பழைய போலியோ, முறிவுக்குப் பிறகு நாட்டு வைத்தியர் இறுக்கிக் கட்டுப் போட்டதில் தசை செத்துச் சுருங்கிய கால், பாம்புக்கடியில் கெண்டைச்சதை அழுகிச் சுருங்கியது — இவர்களுக்குத்தான் இந்தச் சட்டம். பிறந்த குழந்தையின் வளைபாதத்துக்கு வளையமே வேண்டாம். பொன்செட்டி முறையில் வாராவாரம் மாற்றும் மாவுக்கட்டு போதும். அரசு மருத்துவமனையில் பிறவிக் குறைகளைப் பார்க்கும் மையத்துக்கு முதல் மாதத்திலேயே தூக்கிப்போனால், இந்தக் கட்டுரை அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படாது.

இலிசரோவ்: பழசு, ஆனால் கணக்கு தெளிவு

சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் கவ்ரீல் இலிசரோவ் உருவாக்கிய அமைப்பு இது. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற வலேரி புருமெல், அடுத்த வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, கடைசியில் இவரிடம்தான் போய்த் தேறினார். அதன் பிறகே குர்கானின் பெயர் வெளியே பரவியது.

கணுக்காலுக்கான சட்டத்தில் முழங்காலுக்குக் கீழே இரண்டு வளையங்கள், பாதத்தைச் சுற்றி லாட வடிவில் ஒரு தகடு, இவற்றை இணைக்கும் மரை போட்ட ராடுகள், உள்ளும் புறமும் ஒவ்வொரு கீல். எலும்பைத் துளைத்துப் போகும் வயர் பெரியவர்களுக்கு 1.8 மி.மீ., பிள்ளைகளுக்கு 1.5 மி.மீ. முழு வளையத்தில் வயரை 130 கிலோ வரை இழுத்துக் கட்டுவார்கள்; பாதத் தகடு ஒரு பக்கம் திறந்திருப்பதால் அங்கே அதைவிடக் குறைத்தே இழுக்க வேண்டும், இல்லையென்றால் தகடு உள்ளே வளைந்துவிடும். சரியாக இறுகிய வயரைச் சுண்டினால் தந்தி போல் ‘டங்’கென்று கேட்கும். மந்தமாகக் கேட்கும் வயர் தளர்ந்த வயர். வலியும் சீழும் முதலில் அங்கேதான் வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி, கெண்டைச்சதைப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அறுவைக்குப் பிறகு கால் வீங்கும், வளையம் வீங்காது. வளையமும் ராடும் கழுவிக் கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்தப்படுவது உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் ராடின் மரை தேய்ந்திருக்கக் கூடாது. நட்டை விரலால் சுழற்றி முனை முதல் முனை வரை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வயர் மட்டும் எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் உயிர் கீலில் இருக்கிறது. கணுக்கால் மூட்டு சுழலும் அச்சு, இரு கணு எலும்புகளின் நுனிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் பின்தள்ளியும் ஓடுகிறது. ஆகவே இரண்டு கீலும் ஒரே உயரத்தில் இருந்தால் அழகாக இருக்கும், வேலை செய்யாது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கீலின் மையம் தாலஸ் எலும்பின் (கணுக்கால் மூட்டின் அடிப்பக்க எலும்பு) வெளிப்பக்க முனைக்கு அருகே விழ வேண்டும். இடம் தவறினால் பாதம் நிமிர நிமிர மூட்டு நசுங்கும், அல்லது தாலஸ் முன்பக்கமாகப் பிதுங்கும். அதனால்தான் நிமிர்த்தத் தொடங்கும் முன்பு மூட்டையே 2 முதல் 5 மி.மீ. வரை விலக்கிக்கொள்கிறார்கள், குருத்தெலும்பு ஒன்றோடொன்று அரைபடாமல் இருக்க அந்த இடைவெளி. கீலே இல்லாமல், மூட்டின் போக்கில் விட்டு நிமிர்த்தும் முறையும் இருக்கிறது. கைதேர்ந்தவர் வாராவாரம் பார்க்கும் இடத்தில் அது சரி. பென்னாகரத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ மாதம் ஒருமுறை போய்வருபவருக்குக் கீல் வைத்ததே பாதுகாப்பு.

அடுத்து கணக்கு. கீலிலிருந்து பின்பக்க ராடு 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். குதிநாண் 5 செ.மீ. தூரத்தில். நாண் நாளுக்கு 1 மி.மீ. நீள வேண்டுமானால் ராடு 2 மி.மீ. நகர வேண்டும். 10 செ.மீ. தூரத்தில் ஒரு பாகை என்பது சுமார் 1.75 மி.மீ.; அதாவது நாளுக்கு ஒரு பாகைக்குக் கொஞ்சம் மேல். 40 பாகை இறுகிய காலை நேராக்கி, மேலும் 10 பாகை மேல்நோக்கி மிகைப்படுத்த ஆறரை வாரம் போல ஆகும். மிகைப்படுத்துவது கட்டாயம், சட்டம் கழற்றியதும் கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்யும். ஆறரை வாரத்தில் ராடு கிட்டத்தட்ட 9 செ.மீ. நீள்கிறது. அவ்வளவு மரை மிச்சம் இருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே அளந்து கேளுங்கள். ராடின் இரு முனையும் அசையும் மூட்டில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்; கோணம் மாறும்போது விறைப்பாக மாட்டிய ராடு வளையும், நட்டு திரும்ப மறுக்கும்.

ஸ்பேனர் விஷயத்தில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும். ராடு 6 மி.மீ. தடிமன், நட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர். எந்த டூவீலர் மெக்கானிக் கடையிலும் இருப்பது. புதிதாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல். ஒரு முழுச் சுற்று 1 மி.மீ. தொல்லை என்னவென்றால் நட்டுக்கு ஆறு முகம். ‘கால் சுற்று’ என்று சீட்டில் எழுதியிருந்தால் அது ஒன்றரை முகம், கண்ணால் பிடிபடாது. ஒரு முகமே கால் சுற்று என்று நினைத்துத் திருப்பினால் நாள் முடிவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். நாளுக்கு 2 மி.மீ. என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று என எழுதித் தரச் சொல்லுங்கள். அரைச் சுற்று சரியாக மூன்று முகம். எலும்பை வெட்டி நீட்டுகிறவர்களுக்கு 0.25 மி.மீ. நான்கு தடவை என்பது தவிர்க்க முடியாது. அவர்கள் நாலு முக நட்டோ அளவு குறித்த ராடோ கேட்டு வாங்க வேண்டும். எதுவானாலும் நட்டின் ஒரு முகத்தில் நெயில் பாலிஷ் பொட்டு, திருப்ப வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி. திசை மாறித் திருப்புவது பெரும்பாலும் கவனிக்கும் ஆள் மாறும் நாளில்தான் நடக்கிறது.

திருப்பும் வரிசை: மரையைச் சுத்தமான துணியால் துடை, பூட்டு நட்டைத் தளர்த்து, தள்ளும் நட்டைக் குறித்த அளவு திருப்பு, அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே பூட்டு நட்டை இறுக்கு. இரவு படுக்கும் முன் வளையத்துக்கும் பாதத் தகடுக்கும் இடையே பின்பக்கம் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். நேற்றைவிட 2 மி.மீ. கூடியிருக்க வேண்டும். கூடியும் பாதம் நிமிரவில்லை என்றால் வயர்தான் வளைகிறது. திருப்புவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே.

இன்னொரு குறையும் உண்டு. முன்பாதத்தை மட்டும் மேலே இழுத்து, குதிகாலைக் கீழே தள்ளாமல் விட்டால், நிமிர்வது கணுக்கால் அல்ல, பாதத்தின் நடுப்பகுதி. வெளிப்பார்வைக்கு நேராகத் தெரியும். எக்ஸ்ரேயில் உள்ளங்கால் கீழ்நோக்கிப் புடைத்திருக்கும். குதிகால் எலும்பில் குறுக்கும் மறுக்குமாக இரண்டு குமிழ் வயராவது (எலும்பு நழுவாமல் பிடிக்க, இடையில் குமிழ் வைத்த வயர்) இருக்கிறதா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வி: கீழ்க்காலெலும்பின் அடிமுனை வளர்ச்சித் தகடு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி) பிரிந்துவிடாமல் இருக்க, அதற்குக் கீழே ஒரு வயர் போட்டிருக்கிறதா?

ஹெக்ஸாபாட்: கணினி போடும் கணக்கு

ஆறு கால்கள் நீண்டு குறுகி மேடையை எந்தப் பக்கமும் சாய்க்கும் ஏற்பாடு விமானப் பயிற்சிக் கருவிகளில் பயன்பட்டது. அதையே எலும்புக்குக் கொண்டுவந்தது 1990களில் அமெரிக்காவின் மெம்பிஸில் உருவான டெய்லர் ஸ்பேஷியல் ஃபிரேம். இரண்டு வளையம், நடுவே ஆறு ஸ்ட்ரட் (நீளம் மாற்றக்கூடிய கம்பி), ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். எக்ஸ்ரே அளவுகளைக் கணினியில் போட்டால் ஒவ்வொரு ஸ்ட்ரட்டும் ஒவ்வொரு நாளும் எத்தனை மி.மீ. நிற்க வேண்டும் என்று அட்டவணை வரும்.

கணுக்காலுக்கு மேலே எலும்பு கோணலாகச் சேர்ந்தவர்களுக்கு இது அற்புதம். முன்பார்வையில் மூட்டின் மேற்பரப்பு எலும்பின் அச்சோடு வெளிப்பக்கம் 89 பாகையும், பக்கப்பார்வையில் முன்புறம் 80 பாகையும் இருப்பது இயல்பு. விபத்துக்குப் பிறகு இரண்டுமே கெட்டு, கூடவே திருகலும் குட்டையும் சேர்ந்திருந்தால், இலிசரோவில் ஒவ்வொன்றுக்கும் சட்டத்தைப் பிரித்து மாட்ட வேண்டும். ஹெக்ஸாபாடில் எல்லாம் ஒரே அட்டவணையில் முடியும். எலும்பை வெட்டியபின் 5 முதல் 7 நாள் சும்மா விட்டு, பிறகு நாளுக்கு 1 மி.மீ. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் புது எலும்பு கூடுவது தாமதமாகும்.

ஆனால் எலும்பு நேராக இருந்து மூட்டு மட்டும் இறுகியிருக்கும் காலுக்கு, ஒரு கீல் செய்கிற வேலையை ஆறு ஸ்ட்ரட்டால் செய்வது காசுக்குக் கேடு. விலை பல மடங்கு. ஸ்ட்ரட்டின் நீளம் முடிந்துபோனால் பெரியதாக மாற்ற மறுபடி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கணுக்காலைச் சுற்றி ஸ்ட்ரட் நெருக்கமாக நிற்பதால் எக்ஸ்ரேயில் மூட்டு மறைகிறது. வளையம் எலும்பிலிருந்து எங்கே நிற்கிறது என்ற அளவு தப்பாகப் பதிவானால், அட்டவணையைப் பிசகாமல் பின்பற்றியவருக்கும் கடைசியில் கோணல் மிஞ்சும். புதிய கணக்குப் போட்டு இன்னொரு சுற்று திருப்ப வேண்டும். அட்டவணை ஆங்கிலத்தில்தான் வரும். வீட்டில் திருப்பப்போகிறவர் அதைத் தானாக வாசித்து ஆறு நிறத்தையும் சரியாகக் காட்டிய பிறகே டிஸ்சார்ஜுக்குச் சம்மதியுங்கள்.

ஜெஸ்

மும்பையின் டாக்டர் பி.பி. ஜோஷி வடிவமைத்தது. வளையம் கிடையாது, மெல்லிய கம்பிகள், சின்ன இணைப்புகள், திருப்பினால் நீளும் டிஸ்ட்ராக்டர்கள். எடை குறைவு, விலை குறைவு. வளைபாதத்தில் உள்பக்கம் அதிகம் குறுகியிருப்பதால் உள்பக்க டிஸ்ட்ராக்டரை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 0.25 மி.மீ., வெளிப்பக்கத்தை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 0.25 மி.மீ. திருப்புவது வழக்கம். இணைப்புகள் தளர்வதுதான் இதன் நோய். பெரியவர் எடையைத் தாங்காது. ஊன்றி நடக்க வேண்டிய காலுக்கு இதை யாராவது மலிவு என்று சொன்னால் யோசியுங்கள்.

எங்கே கெடுகிறது

முதலில் விரல்கள். கணுக்கால் நிமிர நிமிர, விரலை மடக்கும் நாண்கள் இழுபட்டு விரல்கள் கீழ்நோக்கிச் சுருளும். சட்டம் கழற்றும்போது கணுக்கால் நேராக, விரல் கொக்கியாக இருக்கும் கால்கள் ஏராளம். விரல்களுக்குத் துணித் தொட்டில் போட்டு ரப்பர் பேண்டால் மேல் தகட்டில் மாட்ட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொருமுறை கையால் நிமிர்த்திவிட வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருவார். விரல் பயிற்சி, முழங்கால் பயிற்சிக்கு அவரைப் பயன்படுத்துங்கள்; நட்டில் கைவைக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்தது நரம்பு. உள்ளங்காலில் எரிச்சல், பிறகு மரத்துப்போதல். தினமும் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலைப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். குறைந்தால் அன்றைய திருப்பலை நிறுத்தி உடனே கூப்பிட வேண்டும். சில நாள் ஓய்வோ, கொஞ்சம் பின்னோக்கித் திருப்புவதோ அவர்கள் முடிவு. ‘வலித்தால்தான் நிமிரும்’ என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டுத் தொடர்ந்தால் நரம்பு திரும்பாது.

வயர் துளை. லேசான மஞ்சள் நீர் கசிவது இயல்பு. சிவப்பு, சூடு, புதிதாக வந்த வலி, சீழ் ஆகியவை இயல்பல்ல. சலைன் அல்லது கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், துளைக்கு ஒரு பஞ்சு என்ற கணக்கில், தோலிலிருந்து வெளிநோக்கித் துடைக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருப்பதே முக்கியம். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, பவுடர் எல்லாம் பொருக்குத் தட்டி உள்ளே சீழைப் பூட்டிவிடும். போர்வெல் தண்ணீரில் நேரடியாகக் கழுவினால் உப்பு மரையில் படியும். மாம்பழக் காலத்தில், மே முதல் ஜூலை வரை, கூழ் ஆலைகள் இருக்கும் பக்கத்தில் ஈ மொய்க்கும். சட்டம் முழுக்க மூடும்படி வெள்ளைப் பருத்தித் துணியில் நாடா வைத்த உறை இரண்டு தைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். மாட்டுத் தொழுவத்தை மறந்துவிடுங்கள். பட்டுப்புழு மனையில் பிளீச்சிங் பவுடர் தூவும் நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம்.

நம் இரு மாவட்டத்துக்கே உரிய ஒன்று: நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது. அதற்கு முன்பே வளர்ந்த பலரின் எலும்பில் அது ஏற்கெனவே படிந்திருக்கிறது. ஃபுளோரோசிஸ் பாதித்த எலும்பு அடர்த்தியாக இறுகியிருக்கும். வேகமாகத் துளைத்தால் சூடேறி, வயரைச் சுற்றி எலும்பு செத்து, சில வாரத்தில் தளரும். துளைக்கும்போது விட்டுவிட்டு, ஈரத் துணியால் வயரைக் குளிர்வித்துச் செய்ய வேண்டும். பல்லில் பழுப்புக் கறை, முதுகு விறைப்பு இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெளியூர் மருத்துவருக்கு நம் தண்ணீரின் வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

போக்குவரத்து தனிக்கதை. டூவீலரின் பின்சீட் கூடவே கூடாது. தொப்பூர் கணவாயிலோ ஓசூர் சாலையிலோ ஒரு லாரி உரசினால் அத்தனையும் போச்சு. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் நேரில் போக வேண்டியதில்லை. வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை உள்ளூரிலேயே பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப ஒத்துக்கொள்ளும் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது, ஒசத்தியான சட்டத்தைவிட மேல். படத்தில் இரண்டு கணு எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்று எக்ஸ்ரே எடுப்பவரிடம் சொல்லுங்கள்; சாய்ந்த படத்தில் தாலஸ் பிதுங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் இந்தியக் கழிவறை மட்டும் இருந்தால் கமோடு நாற்காலி முதல் நாளே தேவை. ஊன்றி நடக்க அனுமதித்ததும், பாதத் தகடுக்கு அடியில் கட்ட ரப்பர் அடிப்பாகம் ஒன்றைச் செருப்புத் தைப்பவரே செய்துவிடுவார். குதிகால் பக்கம் எத்தனை செ.மீ. உயரம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், கால் நிமிர நிமிர அதைச் சீவிக்கொண்டே வர வேண்டும்.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு வருடம் 1,20,000 ரூபாய், காப்பீடு வருடத்துக்கு 5 லட்சம். அட்டை இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், சட்டம், நடுவில் வயர் மாற்றுவது, கடைசியில் கழற்றுவது, பிறகு பாதம் நழுவாமல் பிடிக்கப் போடும் ஸ்ப்ளிண்ட் — இந்த நான்கில் எது தொகுப்பில் அடங்கும் என்று அறுவைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கழற்றும் செலவில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

கடைசிக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். பாதம் நேரானதும் ‘முடிந்தது’ என்று தோன்றும். அதற்குப் பிறகு அசைக்காமல் 4 முதல் 6 வாரம் சட்டத்திலேயே பிடித்து வைக்க வேண்டும். நீட்டப்பட்ட திசு அந்த நீளத்துக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். மாரியம்மன் பண்டிகை, மா அறுவடை, வீட்டுக் கல்யாணம் என்று கழற்றச் சொல்லி நச்சரிக்காதீர்கள். சட்டத்தைக் கழற்றியபின் ஊன்றி நடக்கும் மாவுக்கட்டு இன்னும் 4 முதல் 6 வாரம். அதன் பிறகு கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட், இரவில் கட்டாயமாக, குறைந்தது ஆறு மாதம். தீக்காயத் தழும்பு உள்ளவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இன்னும் கூடுதல்.

ஸ்ப்ளிண்ட்டுக்கு அளவு எடுப்பது மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில்தான். செய்து கைக்கு வரச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் பாதம் நழுவ ஆரம்பித்துவிடும். மாவுக்கட்டை உடைத்துப் போடாமல், இரு பக்கமும் நீளவாக்கில் அறுத்து இரண்டு பாதியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளே பஞ்சுத் துணி விரித்து, மூன்று இடத்தில் வெல்க்ரோ பட்டை போட்டு, புதியது வரும் வரை அதையே இரவில் கட்டிக்கொள்ளலாம்.